போனை மாற்றுவதா, இடத்தை மாற்றுவதா? வீட்டுப் படங்கள் தெளிவாக வர எதில் செலவு செய்யலாம்

ராத்திரி கூடத்தில் குழந்தையைப் படம் எடுக்கிறீர்கள். முகம் கலங்கித் தெரிகிறது, ஆட்டிய கை நாலு கையாக இழுபட்டு நிற்கிறது. கேமரா சரியில்லை, போனை மாற்றிவிடலாம் என்று தோன்றும். மாற்றுவதற்கு முன் அந்தப் படத்தைக் கேலரியில் திறந்து விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். கூகுள் போட்டோஸ், ஐபோனின் போட்டோஸ் இரண்டிலுமே படத்துக்கு அடியில் ஒரு வரி இருக்கும்: எஃப்/1.8, 1/25, ஐஎஸ்ஓ 640 என்பது போல. (சில கேலரிகளில் மூன்று புள்ளியைத் தொட்டு ‘டீடெய்ல்ஸ்’ போக வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இந்த விவரம் இருக்காது. உங்கள் போனில் எடுத்த மூலப் படத்தில்தான் பார்க்க வேண்டும்.) புது போன், ட்ரைபாட், லைட், கிளிப் லென்ஸ், புது ஆப் ஆகியவற்றில் உங்களுக்கு எது தேவை என்பதை அந்த வரியை வைத்தே பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

எஃப்/1.8 என்பது லென்ஸின் திறப்பு; எண் சிறிதானால் திறப்பு பெரிது. 1/25 என்பது ஷட்டர் நேரம். ஒரு நொடியில் 25-ல் ஒரு பங்கு நேரம் கேமரா வெளிச்சத்தை வாங்கியிருக்கிறது. ஐஎஸ்ஓ என்பது, விழுந்த வெளிச்சம் போதாமல் போன் அதை எவ்வளவு தூக்கிக் காட்டியிருக்கிறது என்ற கணக்கு. தூக்கத் தூக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். அந்த இரைச்சலைப் போன் துடைக்கும்போது தலைமுடியும் புடவைக் கரையும் சேர்ந்து மெழுகு பூசினாற்போல ஆகிவிடும். குழந்தை ஆட்டும் கை நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/25 நொடிக்குள் அது 4 செ.மீ. நகர்ந்துவிடும். 1/250 நொடியில் 4 மி.மீ.தான். கை இழுபட்டதற்கு இதுதான் காரணம். போனில் ஓஐஎஸ் என்னும் நடுக்கம் தாங்கும் வசதி இருந்தாலும் இது தீராது. ஓஐஎஸ் உங்கள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும். குழந்தையின் கையை நிறுத்தி வைக்காது.

25 மடங்கும் 3 மடங்கும்

அதே குழந்தையை அதே போனில் காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் உட்கார வைத்து எடுத்தால் அந்த வரி ஏறத்தாழ 1/100, ஐஎஸ்ஓ 100 என்று மாறியிருக்கும். ஷட்டர் நேரம் நாலில் ஒரு பங்காகக் குறைந்தது, ஐஎஸ்ஓ 6.4 மடங்கு இறங்கியது. இரண்டையும் பெருக்கினால் ராத்திரிக் கூடத்தைவிடச் சுமார் 25 மடங்கு வெளிச்சம் கிடைத்திருக்கிறது. செலவு எதுவும் இல்லை.

இனி புது போனின் கணக்கைப் பாருங்கள். கேமராவில் வெளிச்சத்தை வாங்கும் சில்லுதான் சென்சார். இப்போது உங்களிடம் இருப்பது 1/2 அங்குல சென்சார் கொண்ட சாதாரண போன், வாங்க நினைப்பது 1/1.3 அங்குல சென்சார் கொண்ட விலையுயர்ந்த போன் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதன் பரப்பு சுமார் 31 சதுர மி.மீ., இரண்டாவது சுமார் 71. அதாவது 2.3 மடங்கு. லென்ஸ் திறப்பு எஃப்/1.8-லிருந்து எஃப்/1.6 ஆனால் இன்னொரு கால் பங்கு கூடும். எல்லாம் சேர்த்து 3 மடங்கு வெளிச்சம். அதற்கு விலை பல பத்தாயிரம் ரூபாய். புது போனின் சிப்பும் மென்பொருளும் அடுத்தடுத்து எடுத்த பல பிரேம்களை (தனித்தனிப் படங்களை) ஒன்றாக்கி இன்னும் கொஞ்சம் ஈடுகட்டும் என்பது உண்மைதான். ஆனாலும் ஜன்னலின் 25 மடங்கை அது எட்டாது. பகலில் எடுக்க வாய்ப்புள்ள படங்களுக்காக மட்டும் போன் மாற்ற நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகட்டும்.

மெகாபிக்சலை வைத்து ஒப்பிடுவது இதைவிடவும் பலன் குறைந்தது. 50 மெகாபிக்சல் கேமராக்கள் நாலு நாலு புள்ளியாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் சாதாரணமாகத் தருகின்றன. 200 மெகாபிக்சல் கேமரா பதினாறு பதினாறாகச் சேர்த்து அதே 12.5-க்கு வந்து சேரும். 4000-க்கு 3000 புள்ளி உள்ள 12 மெகாபிக்சல் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் பிரின்ட் போட்டால் 13-க்கு 10 அங்குலம் வரும். ஏ4 அளவுக்கு 9 மெகாபிக்சலுக்கும் குறைவாகவே போதும், ஆல்பத்தில் வைக்கும் 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு 2.2 மெகாபிக்சல் போதும். ஸ்டூடியோவுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். பிரின்ட் மங்கலாக வருவதற்குக் கேமராவைவிட அந்த வழியில் நடக்கும் சுருக்கம்தான் பெரும்பாலும் காரணம். 2023-ல் வந்த எச்டி தேர்வும் படத்தைச் சுருக்கத்தான் செய்யும், கொஞ்சம் குறைவாக.

ஜன்னல், பல்ப், ரிங் லைட்

வெளிச்சத்தில்தான் பலன் அதிகம் என்றால் எந்த வெளிச்சம்? வெயில் நேரடியாக விழாத ஜன்னல்தான் முதல் தேர்வு. வடக்குப் பார்த்த ஜன்னல் என்றால் பெரும்பாலும் நாள் முழுக்கக் கிடைக்கும். கிழக்கு ஜன்னல் என்றால் பத்து மணிக்கு மேல், மேற்கு என்றால் மதியத்துக்கு முன். வெயில் விழுந்தே தீரும் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாகத் தொங்கவிடுங்கள், வெளிச்சம் பரவி மென்மையாகிவிடும். எடுக்கப்படுபவர் ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள், அதற்குப் பக்கவாட்டில் உட்கார வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்தால் முகம் இருண்டுவிடும். நேர் எதிரே முகம் காட்டினால் படம் தட்டையாக வரும்.

பக்கவாட்டில் உட்கார்ந்தால் மறுபக்கக் கன்னம் நிழலில் விழும். அதற்கு ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் வெள்ளைத் தெர்மோகோல் தகடு ஒன்று போதும். நிழல் பக்கம் இரண்டடி தள்ளி, படத்தில் விழாதபடி நிமிர்த்தி வைத்தால் ஜன்னல் வெளிச்சத்தை அது கன்னத்தில் திருப்பி விடும். வெள்ளைச் சார்ட் பேப்பரும் இதைச் செய்யும், ஆனால் நிற்காது, ஆள் பிடிக்க வேண்டும். நம் வீட்டுச் சுவர்களின் பச்சையும் ரோஸும் இங்கே தொல்லை கொடுக்கும். சுவருக்கு ஒட்டி நின்றால் அந்த வண்ணம் தாடையிலும் கழுத்திலும் ஏறிவிடும். சுவரிலிருந்து நாலடி விலகி நில்லுங்கள். அப்படி விலகினால் பின்னணியும் சற்றுக் கலங்கி அழகாக வரும்.

ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது கூடத்து டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். மஞ்சள் எல்இடி என்றால் கட்டாயம் அணைக்க வேண்டும். மஞ்சள் பல்பின் 3000 கெல்வின் வெளிச்சமும் ஜன்னலின் நீலம் கலந்த பகல் வெளிச்சமும் ஒரே முகத்தில் விழுந்தால், போன் எதை வெள்ளை என்று எடுத்துக்கொண்டாலும் இன்னொரு பாதி கெட்டுப்போகும். பிறகு எடிட்டிங்கில் சரிசெய்வதும் கஷ்டம்.

ராத்திரிக்கு வேறு வழி வேண்டும். ரிங் லைட்டா, கூடுதல் பல்பா? வீட்டுப் படங்களுக்குப் பல்புதான் நல்லது என்று உறுதியாகச் சொல்லலாம். ரிங் லைட், போனை நடுவில் மாட்டி நேருக்கு நேர் பார்த்துப் பேசும் வீடியோவுக்கு ஏற்றது. மூக்குக் கண்ணாடி போட்டவர் என்றால் இரண்டு கண்ணாடியிலும் வளையம் தெரியும், எண்ணெய் தடவிய நெற்றியில் வெள்ளைத் திட்டு விழும், நிழலே இல்லாமல் முகம் தட்டையாகும். ஒரு 9 வாட் எல்இடி பல்பை டேபிள் லாம்பில் போட்டு, முகத்துக்கு மேலே ஒரு பக்கமாக வைத்து, பக்கத்து வெள்ளைச் சுவரிலோ அந்தத் தெர்மோகோலிலோ திருப்பி அடித்தால் ஜன்னலைப் போன்ற மென்மை கிடைக்கும். பல்ப் வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ எண்ணைப் பாருங்கள்; வண்ணங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதன் அளவு அது. 80 என்பது சாதாரணம். 90-க்கு மேல் இருந்தால் தோல், மஞ்சள், குங்குமம், பட்டின் சிவப்பு எல்லாம் அதனதன் வண்ணத்தில் வரும். தூரமும் முக்கியம்: 2 மீட்டரில் இருந்த விளக்கை 1 மீட்டருக்குக் கொண்டுவந்தால் முகத்தில் விழும் வெளிச்சம் 4 மடங்காகும்.

எல்இடி வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே இருட்டுப் பட்டைகள் வந்தால் போன் பழுது என்று நினைக்க வேண்டாம். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே மட்டமான பல்புகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். ப்ரோ மோடில் (ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் நாமே வைக்கும் மோட்) ஷட்டரை 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் பட்டைகள் மறையும்.

ட்ரைபாட் எதற்கு, எதற்கில்லை

எடுக்கப்படும் பொருள் அசையாது, வெளிச்சமும் குறைவு என்றால் ட்ரைபாட். மார்கழி விடியலில் வாசல் கோலம், கார்த்திகை அகல் வரிசை, ராத்திரிக் கோபுரம், இலையில் பரிமாறிய சாப்பாடு எல்லாம் இதில் அடங்கும். குழந்தைக்கும் பூனைக்கும் ட்ரைபாட் உதவாது. மேலே சொன்ன கணக்குத்தான் காரணம்: ஷட்டரை நீட்டினால் அவை இழுபடும். நைட் மோடும் அப்படியே. கையில் பிடித்தால் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று நொடிவரை பல பிரேம்களை எடுத்து ஒன்றாக்கும், ட்ரைபாடில் அசையாமல் இருப்பதை உணர்ந்தால் இன்னும் நீட்டும். ஐபோன் 30 நொடிவரை போகும். கூகுளின் நைட் சைட் 2018-லும் ஐபோன் 11-ன் நைட் மோட் 2019-லும் வந்தன. இப்போது குறைந்த விலைப் போன்களிலும் ஏதோ ஒரு வகையில் இருக்கிறது. நகரும் ஆளை அவற்றில் எடுப்பதைவிட விளக்கை ஒரு மீட்டர் பக்கத்தில் கொண்டுவருவது எப்போதும் மேல்.

அகல் விளக்கில் மட்டும் ஒரு எச்சரிக்கை. நைட் மோட், விளக்கு வெளிச்சத்தில் தோய்ந்த கூடத்தைப் பட்டப்பகல் போல ஆக்கி, சுடரை வெறும் வெள்ளைத் திட்டாக்கிவிடும். நைட் மோடை அணைத்துவிட்டு, முகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைச் சுடரின் மஞ்சள் தெரியும்வரை கீழே இழுங்கள். முகம் கொஞ்சம் இருட்டாக இருக்கட்டும், விளக்கின் அழகு அதில்தான் இருக்கிறது.

கோலத்தை நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். நின்றபடி சாய்த்து எடுத்தால் வட்டம் நீள்வட்டமாகும், அதனால்தான் மேலிருந்து எடுக்கிறோம். கேமரா செட்டிங்ஸில் கிரிட் (இப்போதைய ஐபோன்களில் ‘லெவல்’) போட்டுவிட்டால், ஐபோனிலும் சில ஆண்ட்ராய்டுகளிலும் போனைத் தரைக்கு நேராகப் பிடிக்கும்போது இரண்டு கூட்டல் குறிகள் தோன்றும். அவை ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால் போன் சமமாக இருக்கிறது. அகலமாகக் காட்டும் அல்ட்ரா வைட் கேமராவில் எடுத்தால் ஓரத்துப் புள்ளிகள் இழுபட்டுப் பெரிதாகும். ஸ்டூலில் ஏறி மெயின் கேமராவில் எடுப்பதே சரி. கோலப்பொடியின் வெண்மையைப் பார்த்துப் போன் மொத்தப் படத்தையும் மங்கலாக்கினால் சூரியக் குறியைச் சற்று மேலே தள்ளுங்கள்.

500 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய்க்குள் வீட்டுக்குப் போதுமான ட்ரைபாட் கிடைக்கும். காலைவிடப் போன் பிடிக்கும் கவ்வியைத்தான் பார்த்து வாங்க வேண்டும். ஸ்பிரிங் கவ்வி நாளடைவில் தளரும், திருகு வைத்து இறுக்குவது நல்லது. வளையும் ஆக்டோபஸ் கால்கள் 200 கிராம் போனையும் கவரையும் தாங்கும்போது மெதுவாகத் தொய்யும்; நொடிக்கணக்கில் ஷட்டர் திறந்திருக்கும்போது அந்தத் தொய்வே படத்தைக் கெடுத்துவிடும். ட்ரைபாடில் வைத்துவிட்டு விரலால் பட்டனைத் தொட்டால் வாங்கியதற்குப் பலனில்லை. 3 நொடி டைமர் போடுங்கள். பணமே போட வேண்டாம் என்றால், அரிசிப் பையில் சாய்த்து வைத்து டைமர் போட்டாலும் அதே வேலை நடக்கும். கிம்பல் (போனை ஆடாமல் பிடிக்கும் மோட்டார் கைப்பிடி) நடந்துகொண்டே எடுக்கும் வீடியோவுக்கானது, படத்துக்கு வேண்டாம்.

கிளிப் லென்ஸ்

சில நூறு ரூபாய்க்கு வரும் வைட், டெலி கிளிப் லென்ஸ்களில் ஓரங்கள் குழையும், விளிம்புகளில் ஊதா நிறம் கசியும். வாங்க வேண்டாம். மேக்ரோ கிளிப் மட்டும் விதிவிலக்கு. மூக்குத்திக் கல், பூச்சி, பூவின் மகரந்தம் இவற்றுக்கு 3 செ.மீ. பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் எடுத்தால், போனிலேயே இருக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவைவிட நன்றாக வரும்.

காசில்லாமல் மாற்றக்கூடியவை

டியூப்லைட்டைச் சுற்றி மூட்டம் போல ஒளி பரவினால் லென்ஸில் விரல் எண்ணெய் படிந்திருக்கிறது. ஊதி, மூக்குக் கண்ணாடித் துணியாலோ பழைய பருத்தி வேட்டித் துணியாலோ துடையுங்கள். பிறகும் போகவில்லையென்றால் கேமரா மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியைப் பிரித்துப் பாருங்கள். ராத்திரிப் படங்களில் பச்சைப் புள்ளிகளும் இரட்டை விளக்குகளும் வருவதற்கு அது பெரிய காரணம்.

அடுத்தது பியூட்டி மோட். பல போன்களில் பெட்டியைப் பிரிக்கும்போதே இது ஓடிக்கொண்டிருக்கும். தோலை மெழுகுவதோடு நிற்காமல் வெளுக்கவும் செய்யும். அம்மாவின் கறுப்பும் தாத்தாவின் சுருக்கங்களும் இருபது வருஷம் கழித்துப் பார்ப்பவர்களுக்கு அப்படியே கிடைக்க வேண்டியவை. அதை மென்பொருள் அழிக்க விடக்கூடாது. முன் கேமரா, பின் கேமரா இரண்டிலும் தனித்தனியாகப் போய்ப் பூஜ்யத்தில் வையுங்கள். கருத்த முகம் வெள்ளைச் சுவருக்கு முன் நின்றால் போன் சுவரைப் பார்த்து முகத்தை இருட்டாக்கும். முகத்தைத் தொட்டு, சூரியக் குறியை ஒரு கோடு மேலே தள்ளுங்கள். தோல் வெளுக்காது, உள்ள நிறம் தெரியும். கருத்த தோலை உள்ளபடி காட்டுவதைக் கூகுள் 2021-ல் பிக்சல் 6-லிருந்து ‘ரியல் டோன்’ என்ற பெயரில் தனி வேலையாகவே எடுத்துச் செய்தது. போன் வாங்கும்போது இதையும் சோதித்துப் பார்ப்பது நியாயம்.

போர்ட்ரெய்ட் மோடா, சாதாரண மோடில் 2 மடங்கு ஜூமா? தலையில் மல்லிகைச் சரமும் காதில் ஜிமிக்கியும் இருந்தால் போர்ட்ரெய்ட் மோடைத் தவிர்க்கலாம். பூவின் ஓரங்களைக் கேமரா பின்னணி என்று நினைத்துக் கலக்கிவிடும், ஜிமிக்கியின் தொங்கல் பாதியில் காணாமல் போகும். 50 மெகாபிக்சல் சென்சார் உள்ள போனில் 2 மடங்கு ஜூம் என்பது, போன் அதை முறையாகச் செய்தால், நடுப்பகுதியை மட்டும் எடுத்து 12 மெகாபிக்சல் தருவது. பகலில் தரம் பெரிதாகக் குறையாது. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று அதில் எடுங்கள். ஒரு முழ தூரத்தில் மெயின் கேமராவை நீட்டினால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் வரும். கல்யாண வீட்டுக் கூட்டப் படத்துக்கும் இதே விதி: அல்ட்ரா வைடுக்கு மாறினால் ஓரத்தில் நிற்கும் அத்தைக்கு முகம் அகன்றுவிடும். இடமிருந்தால் பின்னால் நகருங்கள்.

ஆப் மாற்றுவதில் கிடைப்பது குறைவு. ப்ரோ மோட் இல்லாத போனுக்கு ஓப்பன் கேமரா என்ற இலவச ஆண்ட்ராய்டு ஆப், போன் இடம் கொடுத்தால், ஷட்டர், ஐஎஸ்ஓ இரண்டையும் கையில் தரும். பட்டைகள் வரும் வீட்டுக்கு அதுவே போதும். ரா ஃபைலில் (போன் மெருகேற்றாத மூலக் கோப்பு) எடுப்பதை அன்றாடப் படங்களுக்குப் பரிந்துரைக்க முடியவில்லை. ஜேபெக் 3 முதல் 5 எம்பி என்றால் ரா 20 எம்பியைத் தாண்டும். பெரும்பாலான போன்களில் அது ஒற்றைப் பிரேம், பல பிரேம்களை ஒன்றாக்கும் நன்மை அதில் போய்விடும். எடுத்த ஜேபெக்கை ஸ்னாப்சீடில் திறந்து ‘செலக்டிவ்’ கருவியால் முகத்தில் மட்டும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினால் பெரும்பாலான வீட்டுப் படங்களுக்கு வேலை முடிந்துவிடும்.

புது போன்தான் சரி என்னும் இடங்கள்

பள்ளி ஆண்டு விழாவில் பத்தாவது வரிசையிலிருந்து மேடையை எடுக்க வேண்டும் என்றால் ஜன்னலும் தெர்மோகோலும் உதவாது. அங்கே 3 அல்லது 5 மடங்கு ஆப்டிகல் ஜூம் (லென்ஸாலேயே பெரிதாக்குவது) உள்ள போன்தான் வழி. கைக்குழந்தை ராத்திரியில் மட்டுமே விழித்து விளையாடும் வீட்டிலும் பெரிய சென்சாரின் 3 மடங்கு உண்மையாகவே உதவும்: 1/25 என்பது 1/75 ஆகும். ஃபோகஸ் அடிக்கடி தவறினால் மட்டும் அவசரப்பட வேண்டாம். கேமரா மேல் கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலும் அப்படி ஆகும், சர்வீஸ் கடையில் அந்தக் கண்ணாடியை மட்டும் குறைந்த செலவில் மாற்றுவார்கள்.

வாங்குவது என்று முடிவானால், கேமராக்களின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். மெயின் சென்சாரின் அளவு, ஓஐஎஸ், அல்ட்ரா வைடில் ஆட்டோஃபோகஸ் இந்த மூன்றையும் கேளுங்கள். நாலாவதாக ஒட்டியிருக்கும் 2 மெகாபிக்சல் டெப்த் கேமராவால் ஒன்றும் ஆகாது. அதே விலைக்கு மூன்று வருஷம் பழைய உயர்ரகப் போனும் புது நடுத்தரப் போனும் கிடைத்தால், படத்துக்கு மட்டும் பழையதே பெரும்பாலும் மேல். ஆனால் பேட்டரியின் நிலையும் செக்யூரிட்டி அப்டேட் இன்னும் எத்தனை வருஷம் வரும் என்பதும் தெரிந்த பிறகே வாங்குங்கள். பழைய போனில் வெள்ளைச் சுவரை எடுத்து, சென்சாரில் தூசுப் புள்ளி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கடைகளில் விளக்குகள் கண்ணைக் கூச வைக்கும், அந்த வெளிச்சத்தில் எந்தப் போனும் நல்ல படம் தரும். கவுன்டருக்கு அடியில் இருட்டான மூலையைத் தேடி, கூட வந்தவரைக் கையை ஆட்டச் சொல்லி எடுங்கள். உங்கள் பழைய போனிலும் அதே இடத்தில் ஒன்று எடுங்கள். இரண்டு படங்களையும் மேலே தள்ளி, ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், பிறகு விரலால் விரித்துக் கைவிரல்களைப் பாருங்கள்.